எட்டாவது ஆள்

தொண்டுப்புக்கு இடது காது கேட்கவில்லை என்பது முதலில் ஒரு மாட்டுக்குத்தான் தெரிந்தது. உருளைக்கிழங்கு மூட்டை ஏற்றிய கலப்பு மாடு, கழுத்து மணி கணகணக்க, தாமே என்கிற எங்கள் மலையூருக்கு ஏறும் பாதையில் அவனுக்கு இடப்பக்கமாக வந்தது. முன்னால் போனவர்கள் எல்லாம் சுவரோரம் ஒதுங்கிக்கொண்டார்கள். அவன் ஒதுங்கவில்லை. கொம்பால் நெட்டித் தள்ளிவிட்டு அது கடந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தான். பின்னால் விறகுச் சுமையோடு வந்துகொண்டிருந்த அவன் மனைவி சம்ஜி அதைப் பார்த்தாள். அந்தப் பக்கத்துக் காதில் மணிச் சத்தம் விழவே இல்லை.

ஒரு வாரம் அவனைச் சோதித்தாள். இடப்பக்கம் நின்று மெதுவாகக் கூப்பிட்டாள். பின்னால் போய்க் கரண்டியைக் கீழே போட்டாள். பேசும்போதெல்லாம் அவன் தலையை ஒரு பக்கமாகச் சாய்ப்பது இத்தனை மாதமாகத் தன் கண்ணில் எப்படிப் படாமல் போனது என்று அவளுக்கே வியப்பாக இருந்தது. எங்கள் புத்தாண்டு முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. கக்கூஸ் குழியிலிருந்து இலைதழையோடு மக்கிய எருவை வாரி வயலுக்குச் சுமக்கிற காலம். கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"எத்தனை நாளா?"

"என்ன எத்தனை நாளா?"

"இந்தா பாரு மனுஷா, உன்கூட இருபது வருஷமாக் குடித்தனம் பண்றேன். அந்தக் காது எத்தனை நாளாக் கேக்கல?"

தொண்டுப் மண்வெட்டியில் ஒட்டியிருந்த எருவைக் கல்லில் தட்டினான். "போன சீசன் கடைசில. பனிச்சரிவு வந்துச்சுல்ல, அன்னிக்கு. பனி மேல படல. அதோட காத்துதான் அடிச்சுது. உள்ள டப்புன்னு ஒரு சத்தம். ரெண்டு நாள் ரத்தம் வந்துச்சு. அப்புறம் சரியாப் போச்சு."

"சரியாப் போச்சா?"

"ரத்தம் நின்னு போச்சு."

"உங்க தலைவரு அங் நுரு அண்ணனுக்குத் தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது. உனக்கும் தெரியாது. புரியுதா?"

பெரிய மலையின் காலடியில், இரண்டு சிகரங்களுக்கு நடுவே, பனியாறு ஒன்று படிப்படியாக உடைந்து விழுகிறது. நாங்கள் அதைப் பனியருவி என்போம். மேலே போகிற எவனும் அதைத் தாண்டாமல் போக முடியாது. ஒவ்வொரு வசந்தத்துக்கும் முன்னால் எட்டுப் பேர் போய், பிளவுகளின் மேல் அலுமினிய ஏணிகளைப் படுக்கப் போட்டு, கயிறு கட்டி, வழி செய்து வைக்க வேண்டும். வழி செய்தால் போதாது. பனி தினமும் நகரும். ஏணி வளையும், கயிறு புதையும். சீசன் முடிகிறவரை தினமும் ஏறிச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். அவர்களுக்கு ஊரில் பனி டாக்டர்கள் என்று பேர். "ஊசி போடுவாங்க, பிழைக்குமான்னு சொல்ல மாட்டாங்க" என்று கேலி பேசுவார்கள். தொண்டுப் பதினேழு வருடமாக அந்த எட்டுப் பேரில் ஒருவன்.

அந்த வேலையில் கண்ணைவிடக் காது முக்கியம். வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும் என்பதால் பாதி வேலை அரை இருட்டில்தான் நடக்கும். தலைக்கு மேல் நிற்கிற பாளம் விழுவதற்கு முன்னால் காய்ந்த சுள்ளி ஒடிவதுபோல ஒரு சத்தம் கொடுக்கும். அதற்குப் பிறகு நாலு மூச்சு விடுகிற நேரம் இருக்கும். எந்தப் பக்கம் ஓடுவது என்று அதற்குள் தெரிந்தாக வேண்டும். ஒற்றைக் காதுக்குச் சத்தம் கேட்கும். எந்தப் பக்கம் என்று தெரியாது. தப்புகிறோம் என்று நினைத்து விழுகிற பாளத்தை நோக்கியே ஓட நேரும். சம்ஜியின் அப்பாவும் மலைக்குப் போனவர்தான். இதையெல்லாம் அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"இந்த வருஷம் போக வேண்டாம்" என்றாள்.

"போகாம? நாம்சே பஜார் ஓட்டல்ல போய் வெள்ளைக்காரனுக்குத் தட்டு ஏந்தவா?"

"ஏந்தினா என்ன, கையா தேஞ்சுரும்?"

"நான் போட்ட ஏணில ஏறிட்டுப் போனவன் வந்து உக்காருவான். அவன்கிட்ட, சார் கோழியா முட்டையான்னு கேக்கணும். அதுக்கு இந்தக் காதும் கேக்காமப் போயிரலாம்." கூடையை முதுகில் ஏற்றிக்கொண்டு நடந்துவிட்டான்.

சம்ஜி அதற்கு மேல் அவனோடு வாதாடவில்லை. அடுத்த எட்டு நாளில் சாங் என்கிற அரிசிக் கள்ளை ஊற வைத்தாள். நல்ல அரிசியில், சந்தையில் வாங்கிய அரிசியில். ஒன்பதாம் நாள் காலையில் அதைச் சீசாவில் வடித்து, சீசாவின் வாயில் மூன்று இடத்தில் வெண்ணெய் தொட்டு வைத்து, மேலங்கிக்குள் மறைத்து எடுத்துக்கொண்டு, ஆற்றுக்கு அக்கரையில் இருந்த அங் நுருவின் வீட்டுக்குப் போனாள்.

அங் நுருதான் எட்டுப் பேருக்கும் தலைவர். அறுபதை நெருங்குகிறவர். வாசலில் உட்கார்ந்து பனியில் அடிக்கிற முளைகளைத் துருப் பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தார். அவள் மேலங்கி புடைத்திருப்பதைப் பார்த்ததுமே எழுந்துவிட்டார்.

"தங்கச்சி, வேண்டாம். எனக்கு வயித்துல புண்ணு."

"புண்ணுக்கு நல்லதுண்ணே."

"டாக்டர் குடிக்கக் கூடாதுன்னிருக்காரு."

"எந்த டாக்டரு, ஆஸ்பத்திரி டாக்டரா, உங்க மாதிரி டாக்டரா? உக்காருங்க. கிண்ணம் எங்க?"

"நீ முதல்ல என்ன விஷயம்னு சொல்லு."

"விஷயம் இருந்தாத்தான் வரணுமா? அண்ணன் வீட்டுக்கு வரக் கூடாதா?"

"வெண்ணெய் வெச்சுட்டு வந்திருக்கே. சும்மா வர்றவ வெண்ணெய் வெப்பாளா?"

எங்கள் பக்கத்தில் இப்படிக் கொண்டுவந்த சாங்கைக் குடித்துவிட்டால், கேட்டதை மறுக்க முடியாது. அதனால் கேட்கிறவள் குடிக்க வைக்கப் பார்ப்பாள், கேட்கப்படுகிறவர் குடிக்காமல் தப்பப் பார்ப்பார். ஆனால் வீடு தேடி வந்தவளின் கிண்ணத்தைத் தொடாமல் திருப்பி அனுப்புகிற அளவு கல்மனம் யாருக்கும் இருந்ததில்லை. அங் நுருவின் மனைவி உள்ளேயிருந்து கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்து, புருஷனைப் பார்த்துச் சிரித்துவிட்டு, சாணி தட்டப் போய்விட்டாள். அவர் ஒரு வாய் குடித்தார். சம்ஜி நிரப்பினாள். இன்னொரு வாய். நிரப்பினாள். மூன்றாவது முறை கிண்ணம் காலியானதும் அவரே கேட்டார்.

"சொல்லு. எந்த மலைய நகத்தணும்?"

"இந்த வருஷம் எங்க வீட்டுக்காரரைச் சேக்கக் கூடாது."

அங் நுரு கிண்ணத்தைக் கீழே வைத்தார். "தொண்டுப்பையா? அடிப் பாவி. அவன் இல்லாம நான் வலது கையக் கழட்டி வெச்சுட்டுப் போற மாதிரி."

"கழட்டி வெச்சுட்டுப் போங்க."

"ஏன்?"

"அதைக் கேக்காதீங்க. நான் வந்தேன்னும் அவருகிட்டச் சொல்லாதீங்க."

"எட்டுப் பேரு வேணும் தங்கச்சி. நம்மள அனுப்புற கமிட்டி ஏழு பேரை ஒத்துக்காது."

"யாரையாவது போடுங்க. ஆளா இல்ல?"

அவர் வாயைத் துடைத்துக்கொண்டு ஆற்றைப் பார்த்தார். "யாரையாவது" என்று தானும் ஒரு முறை சொல்லிப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார்.

நாலு நாள் கழித்து, அங் நுருவைப் பார்த்துவிட்டு வந்த தொண்டுப் காலணியைக் கழற்றாமல் அடுப்படிக்கு வந்து நின்றான். "ஓய்வெடுக்கணுமாம். பதினேழு வருஷம் ஆச்சாம். சின்ன ஆளுங்களுக்கு வழி விடணுமாம். எனக்கு முன்னாடியே சேந்து இருபத்தி மூணு வருஷமா இருக்குற அந்தாளு யாருக்கு வழி விட்டாரு?"

"நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பாரு" என்றாள் சம்ஜி. உருளைக்கிழங்கை இடித்துக்கொண்டிருந்தவள் தலை நிமிரவில்லை.

"என்ன நல்லது? என் கயித்துல எது அவுந்துச்சு? சொல்லச் சொல்லு ஒண்ணு."

மறுநாள் மதியம் அவள் தம்பி கெல்ஜேன் வந்தான். பக்கத்தில் அவன் மனைவி யாங்ஜி, மடியில் பத்து முட்டையோடு. கெல்ஜேன் கழுத்தில் வாழ்த்திப் போட்ட வெள்ளைத் துண்டு கிடந்தது. இதுவரை அவன் சமையல் கூடாரத்துக்கு மண்ணெண்ணெய் சுமந்தவன்.

"மாமா, கோபமா இருப்பீங்கன்னு தெரியும். இடம் உங்களோடது. நான் கேட்டுப் போகல. அவரா கூப்பிட்டு, வர்றியான்னாரு."

தொண்டுப் அவனை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு சிரித்துவிட்டான். "உன்னையா? ஏணில நடக்கச் சொன்னா ஏணியத் தூக்கிட்டு நடப்பியே நீ."

"கிண்டல் பண்ணுங்க. வந்து சொல்றேன்."

"மதினி, முட்டை உங்களுக்குத்தான்" என்றாள் யாங்ஜி. "நல்ல சேதி முதல்ல இந்த வீட்டுல சொல்லணும்னாரு. இனிமே மண்ணெண்ணெய் நாத்தம் இல்லாம வீட்டுக்கு வருவாரு."

சம்ஜி முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து உமிக் கூடையில் வைத்தாள். பத்தாவது முட்டை வைத்த பிறகும் கையை எடுக்காமல் நின்றாள். அன்றே மறுபடி அரிசி ஊற வைத்தாள்.

அந்த சாங் பதமாவதற்குள் ஊரில் இரண்டு முறை பனி பெய்தது. வடித்து எடுத்துக்கொண்டு ஆற்றங்கரை வரை போனாள். மந்திரம் பொறித்த கற்களை அடுக்கிய சுவரின் பக்கத்தில் சுமைதாங்கியில் உட்கார்ந்தாள். இரண்டாவது முறை போய், போன முறை கேட்டதை மாற்றிக் கேட்பது முறையில்லை. ஆனால் அங் நுரு இரக்கப்பட்டாலும் படுவார். அப்படிக் கெல்ஜேனை விட்டுவிட்டால் அவர் யாரைச் சேர்ப்பார்? இன்னொரு வீட்டு ஆளை. அல்லது, ஆள் கிடைக்காவிட்டால், தொண்டுப்பையே. கெல்ஜேனுக்கு முப்பத்தொரு வயது. கால் உறுதி. இரண்டு காதும் கேட்கும். அவள் கணக்குப் போட்டது இவ்வளவுதான். இதைப் பின்னாளில் அவளே சொன்னாள். அன்று அக்கரைக்குப் போகாமல், கீழேயிருந்து ஏறிவந்த இரண்டு சுமைக்காரர்களுக்குச் சீசாவை நீட்டினாள். "எதுக்கு அக்கா?" என்று சந்தேகத்தோடு கேட்டார்கள். "ஒண்ணும் கேக்க மாட்டேன், குடிங்க" என்றாள்.

எட்டுப் பேரும் மார்ச் முதல் வாரத்தில் கிளம்பினார்கள். வழி திறந்த செய்தி ஏப்ரல் தொடக்கத்தில் வந்தது. தொண்டுப் வயலிலேயே கிடந்தான். இருக்கிற கற்களையெல்லாம் பெயர்த்து, தேவையில்லாத இடத்தில் ஒரு சுவர் கட்டினான். ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் நிமிர்ந்து வானத்தின் எல்லாப் பக்கமும் தேடுவான். கெல்ஜேன் மூன்று நாளுக்கு ஒருமுறை போன் செய்வான். "மாமா, போன வருஷம் நீங்க போட்ட முடிச்சை அவுக்க ஒரு நாள் ஆச்சு. கல்யாண முடிச்சு கணக்கா இருக்கு." "அவுக்கத் தெரியாதவன் அறுத்துத் தொலை" என்று இவன் கத்துவான். வைத்த பிறகு முகம் கொஞ்ச நேரம் நன்றாக இருக்கும்.

ஏப்ரல் பதினெட்டாம் தேதி காலை பத்து மணிக்கு வேறொரு குரல் போன் செய்தது. இனி சம்ஜியின் தம்பி பெயரைச் சொல்வதற்கில்லை. எங்களில் இறந்தவர் பெயரை யாரும் உச்சரிப்பதில்லை. கூப்பிட்டால் போக வேண்டியவர் திரும்பிப் பார்ப்பார்.

நாற்பதடிப் பிளவின் மேல் வளைந்திருந்த ஏணியை மாற்றப் போயிருக்கிறார்கள், மூன்று பேர். மேலேயிருந்து பாளம் உடைந்திருக்கிறது. இரண்டு பேர் வலப்பக்கம் ஓடினார்கள். தம்பியும் சரியான பக்கம்தான் ஓடினான் என்று சொன்னார்கள். பாளம் அந்தப் பக்கமும் வந்தது.

மூன்றாம் நாள் அங் நுரு வந்தார். நாம்சே மேட்டில் ஹெலிகாப்டரில் இறங்கி, அங்கிருந்து நடந்து. இறந்தவனின் படுக்கை உறையும் பையும் முதுகில். யாங்ஜியின் வீட்டில் லாமாக்கள் ஓதிக்கொண்டிருந்தார்கள். உடல் இல்லாத சாவு. ஒரு தாளில் உருவம் வரைந்து வைத்திருந்தது. யாங்ஜி நெய்விளக்குகளுக்கு வெண்ணெய் உருக்கி ஊற்றிக்கொண்டிருந்தாள். சம்ஜி திரி திரித்தாள். தொண்டுப், நல்ல காது அங் நுரு பக்கம் இருக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"எடுக்க முடியாதாண்ணே?" என்றாள் யாங்ஜி.

"வீடு கணக்கா ஒரு பாளம்மா. அதுக்கு அடில. ஒரு நாள் முழுக்க வெட்டினோம். ஒரு கதவு அளவுக்குக்கூட ஆகல. எடுக்கணும்னா இன்னும் ரெண்டு பேரை அங்க குடுக்கணும்."

யாங்ஜி தலையசைத்தாள். விளக்கை நிரப்பினாள்.

அங் நுரு தேநீரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். வெண்ணெய் மேலே ஆடை கட்டியது. "இந்த நேரத்துல பேசக் கூடாது. ஆனா பேசாமப் போக முடியல. வழி அறுந்து போச்சு. மேல முகாம்ல அறுபது பேரு மாட்டிக்கிட்டிருக்காங்க. பாதி நம்ம பசங்க. நம்ம ஏழு பேர்ல ரெண்டு பேரு ஊருக்குப் போயிட்டானுங்க, குத்தம் சொல்ல முடியாது. வலப்பக்கம் பழைய தடம் ஒண்ணு இருக்கு. பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி போட்டது. அது என்னை விட்டா ஒருத்தனுக்குத்தான் தெரியும்." அவர் தொண்டுப்பைப் பார்க்கவில்லை. சம்ஜியைப் பார்த்தார். "தங்கச்சி, நான் உன் சாங்கைக் குடிச்சவன். நீ விட்டாத்தான் அவனைக் கூப்பிட முடியும். விட்டுரும்மா."

லாமாக்கள் ஒரு பக்கம் முடிந்து அடுத்த பக்கத்தைப் புரட்டினார்கள்.

"என்ன சாங்?" என்றான் தொண்டுப்.

அங் நுரு திகைத்துப்போனார். "இன்னுமா சொல்லல நீ?"

சம்ஜியின் கையில் பாதி திரித்த திரி இருந்தது.

"என்ன சாங்குன்னு கேட்டேன்."

"நான்தான் கேட்டேன்" என்றாள் சம்ஜி. "உன்னைச் சேக்க வேண்டாம்னு. உன் காதுக்காக."

"காதா?" என்றார் அங் நுரு. "என்ன காது?" அவராகவே தொண்டுப் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

யாங்ஜி வெண்ணெய்ச் சட்டியைக் கீழே வைத்தாள். "அப்ப எட்டாவது இடம் இப்படித்தான் காலியாச்சு."

"யாங்ஜி, அவனைப் போடுவாருன்னு எனக்குத் தெரியாது. சத்தியமா..."

"போட்டப்புறம் தெரியும்ல? முட்டையோட வந்து சொன்னோமே. நீங்கதானே எண்ணி எண்ணி வெச்சீங்க." அவள் குரல் உயரவே இல்லை. "அன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே அவரைக் காலைக் கட்டிப் போட்டிருப்பேன் மதினி. மண்ணெண்ணெய் நாத்தத்தோட இருந்துட்டுப் போயிருப்பாரு."

சம்ஜி மீதித் திரியையும் திரித்து முடித்தாள்.

"அண்ணன் கேக்குறாருல்ல" என்றாள் யாங்ஜி. "பதில் சொல்லுங்க. மேல அறுபது பேரு வீட்டுப் பொம்பளைங்களும் போன் பக்கத்துலதான் உக்காந்திருப்பாங்க."

தொண்டுப் ஒரு வார்த்தை பேசியிருந்தால் சம்ஜி வேறு மாதிரி சொல்லியிருப்பாளோ என்னவோ. அவன் பேசவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"போகட்டும்" என்றாள்.

அவன் அப்போதே எழுந்து போய்ப் பை கட்டினான். அவள் பின்னாலேயே போய் வறுத்த மாவும் காய்ந்த இறைச்சியும் எடுத்து வைத்தாள். மாவை எடுத்துக்கொண்டான். இறைச்சியைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டுப் போனான்.

ஒன்றரை மாதம் போன் வந்தது, அங் நுருவிடமிருந்து. "இருக்கான்" என்பார். "காது?" என்பாள். "அவன் பக்கத்துல எப்பவும் ஒருத்தனை விட்டிருக்கேன்" என்பார். வழி திறந்தது. அறுபது பேரும் இறங்கினார்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி ஏறத் தொடங்கினார்கள். ஊரில் உருளைக்கிழங்கு முளைத்து இலை விட்டது. சம்ஜி தன் வயலையும் யாங்ஜியின் வயலையும் தனியாகவே கொத்தினாள். யாங்ஜி வேண்டாம் என்று சொல்லவில்லை. சம்ஜி கொடுத்த தேநீரை ஒருநாளும் குடிக்கவும் இல்லை.

ஜூன் முதல் வாரம், தூறலில், தொண்டுப் வந்து சேர்ந்தான். முகம் கறுத்து, உதடு வெடித்திருந்தது. முதலில் யாங்ஜியின் வீட்டுக்குப் போனான். ஒரு மணி நேரம் கழித்துத்தான் தன் வயலுக்கு வந்தான். பையை வரப்பில் இறக்கிவிட்டு, சம்ஜிக்கு எதிர் வரிசையில் குந்தி, களையைப் பிடுங்கத் தொடங்கினான். அரை வரிசை முடிந்தது.

"வலப்பக்கம் போட்டீங்களா?" என்றாள்.

"வலப்பக்கம் சரிப்படல. அங்க பனி வாயப் பிளந்துகிட்டுக் கிடக்கு. பழைய இடத்துலயேதான் போட்டோம். மூணு ஏணிய ஒட்டிக் கட்டி."

"பழைய இடம்னா?"

"அந்தப் பாளத்து மேல."

அவள் கை நின்றது.

"எத்தனை பேரு போனாங்க?"

"நானூறு இருக்கும். போறப்ப ஒரு தடவை, வர்றப்ப ஒரு தடவை. சுமை தூக்குற பசங்க பத்துப் பதினஞ்சு தடவை. ஒருத்தன் நடுவுல நின்னு போட்டோ எடுத்துக்கிட்டான். நான்தான் கயித்தப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்."

"நீ?"

"நானும்தான். தினமும் ரெண்டு தடவை. முளைய இறுக்கணும்ல."

தூறல் வலுத்தது. இருவரும் எழுந்திருக்கவில்லை. சம்ஜி மண்ணைப் பார்த்தே சொன்னாள். "என்கிட்ட நீ பேச வேண்டாம். என் கையால சாப்பிடவும் வேண்டாம். ஆனா இனிமே அங்க போகாதே."

"அடுத்த வருஷமும் வர்றேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"யாருகிட்ட? யாங்ஜி கேட்டாளா?"

"அவ ஒண்ணும் கேக்கல. நானாத்தான் சொன்னேன்." ஒரு வேரை இழுத்துப் பார்த்தான், வராததால் விரலால் மண்ணைத் தோண்டினான். "அந்தப் பனி நிக்காது. தினமும் நகந்து கீழ வந்துக்கிட்டே இருக்கு. இன்னிக்கு அடில கெடக்குறவன் ஒருநாள் கீழ முகாம் பக்கம் வெளிய வருவான். எந்த வருஷம், எந்த இடம்னு தெரியாது. வர்றப்ப அங்க நம்ம ஆள் ஒருத்தன் இருக்கணும். இல்லன்னா குப்பை பொறுக்குறவன் கைலதான் கெடைப்பான்."

"எத்தனை வருஷம் ஆகும்?"

"அஞ்சு. ஏழு. அங் நுரு பத்துங்கிறாரு."

"அதுவரைக்கும் நீ இருக்கணுமே."

"இல்லன்னா அவனுக்குப் பின்னாலேயே நானும் வந்து சேருவேன்" என்றான் தொண்டுப். "எல்லாம் ஒரே வேகத்துலதான் நகருது."

வேர் வந்தது. மண்ணை உதறி வரப்பில் போட்டுவிட்டு, அடுத்த வரிசைக்கு நகர்ந்தான்.